தையல் நாள்

6 அக்டோபர் 2024, ஞாயிறு

கொலுவுக்கு வந்த மூன்றாம் மாடி மாமி, மங்கையர்க்கரசியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவா உங்களுக்கு உறவா?" என்று என்னிடம் கேட்டாள். செகந்திராபாத் மாரெட்பள்ளி ஃப்ளாட்டுக்காரிக்கு மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் எப்படி உறவு இருக்க முடியும் என்று மாமி மனதுக்குள் கணக்குப் போடுவது முகத்திலேயே தெரிந்தது. "நெருங்கின உறவு மாமி" என்றேன். மங்கை சுண்டலை வாயில் போட்டுக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

உண்மையில் என்ன உறவு? பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வாரம், அடுத்தடுத்த கட்டில். என் அச்யுத்தும் அவள் கோபியும். இரண்டு பேருக்கும் அழுதால் உதடு நீலமாகிவிடும். இதயத்தில் ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் போகிற வழியில் அடைப்பு. ஓட்டையை மூடி, வழியை அகலமாக்கி, நெஞ்சு நடுவில் நேர்கோடாகத் தைத்து அனுப்பினார்கள். நானும் மங்கையும் அந்தக் காரிடாரில் ஒரே போர்வையில் படுத்தவர்கள். மாமிக்கு இதையெல்லாம் சுண்டல் கொடுக்கிற நேரத்தில் சொல்ல முடியுமா?

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம். கோபி இரவில் வியர்த்தால் அவள் போன் பண்ணுவாள். "அச்யுத்துக்கும் அப்படி இருக்குதாக்கா?" ஆமாம் என்று நான் சொல்லிவிட்டால் அவளுக்கு நிம்மதி. அச்யுத் படியேறி மூச்சு வாங்கினால் நான் கேட்பேன், "கோபிக்கும் அப்படியா?" அவள் ஆமாம் என்றால் எனக்குத் தூக்கம் வரும். மற்றப் பிள்ளைகளோடு இவர்களை ஒப்பிடக் கூடாது என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். அதனால் இவர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுக்கொண்டோம்.

இன்றும் சமையலறையில் கேட்டாள். ஓடும்போது கோபிக்குத் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடிக்கிறதாம். கொஞ்ச நேரத்தில் சுவிட்சை அணைத்த மாதிரி சட்டென்று நின்றுவிடுகிறதாம். நான் அச்யுத்தைக் கூப்பிட்டு, உனக்கும் அப்படி வருமாடா என்றேன். தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஹவ், எப்பவாவது" என்றான். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆமாம் என்று வராது, ஹவ்தான்.

"பாத்தியா, இவனுக்கும்தான். ஓடினா யாருக்குத்தான் அடிக்காது?" என்றேன். மங்கையின் முகம் தெளிந்துவிட்டது. வெற்றிலை பாக்கோடு அவளுக்கு ஒரு பச்சை ரவிக்கைத் துணி கொடுத்தேன்.

17 நவம்பர், ஞாயிறு

தையல் நாள். இந்தப் பெயரை வைத்தது மங்கையின் கணவர் இளங்கோவன். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். "பொறந்த நாள் எல்லாருக்கும்தான் கீது, நம்ம பசங்களுக்கு மட்டும்தான் தையல் நாள்" என்பார். ஆபரேஷன் நடந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிடுவது. இந்த வருஷம் எங்கள் வீட்டு முறை.

மொட்டை மாடியில் இரண்டும் சட்டையைக் கழற்றிவிட்டு என் ஸ்கேலை எடுத்துப்போய்த் தழும்பை அளந்திருக்கிறார்கள். கோபிக்குத்தான் நீளமாம். வருஷா வருஷம் அவன்தான் ஜெயிக்கிறான், அச்யுத்துக்கு மூஞ்சி தொங்கிவிட்டது. கணக்கு வாத்தியாரம்மா பிள்ளைக்கு அளக்க இதுதான் கிடைத்தது.

சாப்பிடக் கூப்பிடப் போனபோது கோபி தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தான், கை கழுத்தடியில். என்னடா என்றதற்கு, "ஏம் லேது ஆண்ட்டி" என்றான், ஒன்றுமில்லையாம். பக்கத்தில் அச்யுத், "அதுதாம்மா. மா இத்தரிக்கி வஸ்துந்தி" என்றான். எங்கள் இரண்டு பேருக்கும் வரும். ஏதோ ஒரே ஸ்கூல் யூனிஃபார்ம் மாதிரி சொல்கிறான்.

மங்கை கோபியைப் போன வாரம் செக்கப்புக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். அவள் ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை. நாங்கள் கொரோனாவில் விட்டது, விட்டதுதான். டாக்டர் சரத் ஒரு நாள் முழுக்க உடம்பில் கட்டிவைக்கிற மெஷின் ஒன்று போட்டுப் பார்க்க வேண்டும் என்றாராம், இதயம் எப்படி அடிக்கிறது என்று அது பதிவு பண்ணிக்கொண்டே இருக்குமாம்.

"அடுத்த வாரமே கட்டலாம்னாங்கக்கா. டிசம்பர்ல பரீட்சை வருது, ஒயர மாட்டிகினு எப்படி எழுதுவான்? ஜனவரி இருவது வாங்கிகினு வந்துட்டேன். சரிதானே?"

"சரிதான். பரீட்சை முடியட்டும். என்ன அவசரம்?" என்றேன்.

கோபி தண்ணீர் பாட்டிலை மாடியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். நீல பாட்டில், மார்க்கரில் பெயர் எழுதியது. அடுத்த முறை கொடுக்க வேண்டும்.

9 டிசம்பர், திங்கள்

கோபி போய்விட்டான்.

10 டிசம்பர்

இவர் மட்டும் மெட்டுகுடா போய்வந்தார். ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார். ரயில்வே கிரவுண்டில் கிரிக்கெட். பந்தை எடுக்க ஓடியிருக்கிறான். எடுத்து, எறிந்து, அப்படியே முகம் குப்புற. பையன்கள் விளையாடுகிறான் என்று நினைத்திருக்கிறார்கள். ஆட்டோவில் ஏற்றிப் போகிற வழியிலேயே.

காலையில் சென்னையிலிருந்து நாத்தனார் கனகம் போன். "ஒரே வியாதி இருக்கற கொழந்தைய வெச்சிண்டு நீ அங்க போப்படாது வேதா. அந்த வாசப்படியே மிதிக்காதே." வேறு நாளாக இருந்தால் கனகத்தை வைத்து ஸ்டாஃப் ரூமில் ஒரு வாரம் சிரித்திருப்பேன். இன்று அந்தப் பேச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

சாஸ்திரமாவது, மண்ணாவது. மங்கை என்னைப் பார்த்தால் என்ன கேட்பாள்? ஓடினா யாருக்குத்தான் அடிக்காது. பரீட்சை முடியட்டும். என்ன அவசரம். இதையெல்லாம் யார் சொன்னது? டாக்டரா சொன்னார்?

அச்யுத்திடம் கோபி பாட்டி ஊருக்கு, அரக்கோணம் போயிருக்கிறான் என்று சொன்னேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். "ஓகே" என்றான்.

நீல பாட்டிலைக் கொலுப் பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டேன். தூக்கிப் போட முடியவில்லை. கண்ணில் படவும் கூடாது.

14 டிசம்பர்

மங்கை போன் பண்ணினாள். எடுக்கவில்லை.

19 டிசம்பர்

இரண்டு தடவை. எடுக்கவில்லை. ஸ்டாஃப் ரூமில் பக்கத்து டீச்சர், "எடுங்க மேடம், எவ்ளோ நேரம் அடிக்குது" என்றாள். பேங்க்காரர்கள் என்று பொய் சொன்னேன்.

22 டிசம்பர், ஞாயிறு

எண்ணெய் தேய்க்கிற சாக்கில் அச்யுத்தின் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தேன். போன வருஷத்திலிருந்தே என்னைத் தொடவிடமாட்டான், நானே தேய்ச்சுக்கறேன் போ என்பான். இன்று சும்மா உட்கார்ந்திருந்தான். தையல் கோடு உள்ளங்கையில் உறுத்தியது. கீழே எல்லாம் ஒழுங்காகத்தான் அடித்தது. ஆனால் கோபிக்கும் ஒழுங்காகத்தானே அடித்திருக்கும், ஓடுவதற்கு முன்னால்.

ரோடு தாண்டும்போது கையைப் பிடிக்கிறேன். பிடிப்பது கையை அல்ல, நாடியை. இவனுக்கு அது தெரியாது என்று நினைக்கிறேன்.

இவரிடம் டாக்டரைப் பார்க்கலாமா என்றேன். "முழுப் பரீட்சை முடியட்டுமே. இவன் நன்னாத்தானே இருக்கான்" என்றார். இவரைச் சொல்லிக் குற்றமில்லை. விடிந்தும் விடியாததுமாக கம்பெனி பஸ்ஸைப் பிடித்து ராமச்சந்திராபுரம் ஃபேக்டரிக்கு ஓடி, இருட்டிய பிறகு வருகிற மனுஷர். பிள்ளையை வெளிச்சத்தில் பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமைதான். கோபியும் நன்னாத்தானே இருந்தான் என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். ஏன் விழுங்கினேன்? சண்டை போடத் தெரியாதவளா நான்? காய்கறிக்காரனிடம் கொத்தமல்லிக்கு முழு வாக்குவாதம் பண்ணுகிறவள்.

போனால் தெரிந்துவிடும். அதுதான். போகாதவரைக்கும் இவனுக்கு ஒன்றும் இல்லை.

1 ஜனவரி 2025

ஹாப்பி நியூ இயர் மெசேஜ்களுக்கு நடுவே மங்கையின் மிஸ்டு கால். புத்தாண்டு அன்றுகூட ஏன்? திட்டத்தான் வேண்டும் என்றால் திட்டி ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டுப் போகட்டுமே. வாங்கிக்கொள்கிறேன். இப்படி மணியடித்து மணியடித்துக் கொல்ல வேண்டுமா?

எழுதிப் பார்த்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் மேல் எனக்குக் கோபம்.

14 ஜனவரி, செவ்வாய்

சங்கராந்தி. செகந்திராபாத் வானம் முழுக்கப் பட்டம். பொங்கல் வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். அச்யுத் நூலை இழுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தான். ஓடினவன் நின்றான். கை கழுத்தடிக்குப் போனது. திரும்பி, நான் பார்க்கிறேனா என்று பார்த்தான். பிறகு அந்தக் கையாலேயே சட்டைக் காலரைச் சரிபண்ணுவது போல் பண்ணினான். தண்ணீர்த் தொட்டி ஓரம், அதே இடம்.

நான் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கீழே வந்து அவரைக்காய் நறுக்கினேன்.

எழுதிவைக்கிறேன், நாளைக்கு நான் பார்க்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதற்காக.

17 ஜனவரி, வெள்ளி

ஸ்கூல் விட்டு வெளியே வந்தால் கேட் பக்கத்தில் மங்கை.

அந்தப் பச்சை ரவிக்கை. நான் கொலுவுக்குக் கொடுத்தது, தைத்துப் போட்டிருக்கிறாள். பாதி ஆகிவிட்டாள். கையில் ஒரு துணிப்பை. ஆட்டோக்காரர்கள், பிள்ளைகள், பெற்றோர்கள், இத்தனை பேருக்கு நடுவில் என்னை என்ன கேட்கப் போகிறாள்? கேட்கட்டும். கேட்டால் கேட்டுக்கொண்டு நிற்பது என்று போனேன்.

"போன் எடுக்கலியே நீங்க," என்றாள். திட்டவில்லை, சும்மா சொன்னாள்.

"மங்கை, நான் வந்திருக்கணும். நான்..."

"அது போவட்டும். நான் எதுக்கு வந்தேன்னா, வர்ற திங்கக்கெழம இருவது தேதி. கோபிக்கு வாங்கின தேதி. அந்த மெஷின் கட்றதுக்கு. நான் இன்னும் கேன்சல் பண்ணல." துணிப்பையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்தாள். "அச்யுத்துக்குக் கட்டிடுங்கக்கா. புதுசா கேட்டா மார்ச்சுன்றாங்க. இது சும்மாதானே கீது."

நான் சீட்டை வாங்கவில்லை. வாங்க முடியவில்லை. "இதுக்குத்தான் போன் பண்ணினியா? அத்தனை தடவையும்?"

"வேற எதுக்கு? கோபி சொல்லிகினே இருப்பான், அச்யுத்துக்கும் வருதும்மா, எங்க ரெண்டு பேருக்கும் வரும், பயப்படாதன்னு. நானும் சரின்னு வுட்டுட்டேன். நாம ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கேட்டுகினே இருந்துட்டோம்க்கா. வெவரம் தெரிஞ்சவங்கள கேக்கல."

"நான்தான் சொன்னேன், ஓடினா அடிக்கும்னு. பரீட்சை முடியட்டும்னு."

"நானும் அப்படித்தானே உங்களுக்குச் சொல்லிகினு இருந்தேன், இத்தினி வருசமா."

சீட்டை என் ஹேண்ட்பேக்கில் அவளே வைத்து ஜிப்பை இழுத்துவிட்டாள். காபி சாப்பிட்டுப் போ என்றேன். "நக்கோக்கா, வேணாம், அவரு தனியா கீறாரு" என்று ஆட்டோவில் ஏறிவிட்டாள். ரோட்டிலேயே அழுதேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். பார்க்கட்டும்.

20 ஜனவரி, திங்கள்

கவுண்டரில் பெயரை மாற்றிக்கொண்டார்கள். ஆனால் உள்ளே இருந்த நர்ஸுக்குப் பழைய சீட்டுத்தான் போயிருக்கிறது. கதவைத் திறந்து, "கோபி. கோபி ஹை கியா?" என்று கூப்பிட்டாள்.

எனக்கு எழுந்திருக்கவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. அந்தப் பெயருக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? அவள் இரண்டாம் தடவை கூப்பிட்டாள். அச்யுத் எழுந்தான். "ஹவ்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

நெஞ்சில் பட்டன் மாதிரி ஒட்டி, ஒயர் இழுத்து, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி கட்டிவிட்டார்கள். நாளை இதே நேரத்துக்குக் கழற்றுவார்களாம். எப்போதும் போல இரு, படி ஏறு, ஓடு என்றார்கள்.

ஆட்டோவில் வரும்போது பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தான். நீல பாட்டில். மார்க்கரில் கோபி.

"இது எங்கடா இருந்தது?"

"கொலு டப்பா பின்னால. நீ வெச்ச இடத்துல."

ஆட்டோ மெட்டுகுடா பாலம் தாண்டியது. பிறகு அவனே சொன்னான். கிரவுண்டில் கோபி விழுந்த அன்று சாயங்காலமே இவன் கோபிக்குப் போன் போட்டிருக்கிறான். இளங்கோவன் எடுத்து, ஒன்றும் சொல்லாமல் அழுதிருக்கிறார். எனக்கு முன்னாலேயே இவனுக்குத் தெரியும். நான் அரக்கோணம் என்றபோது, அம்மா பயந்துபோயிருக்கிறாள், நாமும் சேர்ந்து பயமுறுத்த வேண்டாம் என்று ஓகே சொல்லியிருக்கிறான். அதனால்தான் எண்ணெய் தேய்க்கும்போது சும்மா இருந்தான். நாடியைப் பிடிப்பதும் தெரியுமாம்.

"அது உனக்கு இன்னும் வரதா? நெஜத்தைச் சொல்லு."

"வரது. முன்னாடிய விட ஜாஸ்தி."

"ஏண்டா சொல்லலை?"

"கைக்கு? எதுக்குச் சொல்லணும்? சொன்னா என்ன பண்ணுவே, கோபி அம்மாவுக்குப் போன் பண்ணிக் கேப்பே. இப்போ அங்க யாரைக் கேப்பே?"

பதிமூன்று வயது.

22 ஜனவரி, புதன்

மூன்றாம் பீரியட் நடுவில் டாக்டர் சரத்தே போன் பண்ணினார். இன்றைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள், நடக்கவைக்காதீர்கள். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே வந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் பார்த்தால் விரல் இடுக்கில் அது இருக்கிறது.

அட்மிட் பண்ணிவிட்டார்கள். சரத் தெலுங்கும் இங்கிலீஷுமாகச் சொன்னதை இங்கே எழுதுகிறேன், எனக்குப் புரிந்த அளவில். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்திருக்கிறது. ஆனால் வெட்டித் தைத்த இடம் உள்ளேயும் தழும்பாகிறது. இதயத்தை அடிக்க வைக்கிற மின்சாரம் தழும்புக்குள் போகாது, அதைச் சுற்றித்தான் போகும். பிள்ளை வளர வளர, வலது பக்கம் பெரிதாக ஆக ஆக, சில பேருக்கு அந்த மின்சாரம் தழும்பைச் சுற்றிச் சுற்றியே ஓட ஆரம்பித்துவிடும். மின்சாரம் அப்படிச் சுற்றினால் இதயம் அடிக்காது, நடுங்கும். அந்தப் பெட்டியில் அச்யுத்துக்கு அப்படி மூன்று தடவை பதிவாகியிருக்கிறது. தானாக நின்றிருக்கிறது.

"தானா நிக்கலேன்னா?" என்றார் இவர். ஃபேக்டரியிலிருந்து டாக்ஸி பிடித்து வந்திருந்தார்.

சரத் மேஜையைப் பார்த்தார். "அதனாலதான் இன்னைக்கே வரச் சொன்னேன்" என்றார்.

பிறகு என்னிடம், ஏன் இத்தனை வருஷம் செக்கப்புக்கு வரவில்லை என்று கேட்டார். நன்றாக இருந்தான் என்றேன். இந்தப் பிள்ளைகள் நன்றாக இருந்தாலும் வருஷா வருஷம் வரவேண்டும், அதற்குத்தான் அந்தத் தேதி, குணமானவர்கள்தான் ஆனால் முடிந்துபோனவர்கள் இல்லை என்றார். கோபத்தோடு சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

28 ஜனவரி, செவ்வாய்

தொடை வழியாகக் கம்பி விட்டு, அந்தத் தாறுமாறான ஓட்டத்தை வேண்டுமென்றே கிளப்பிப் பார்த்து, எங்கே சுற்றுகிறதோ அந்த இடத்தைச் சுட்டுவிடுவார்களாம். வேண்டுமென்றே கிளப்புவது. படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அதே காரிடார். பெயிண்ட் மட்டும் வேறு. இவர் ஜன்னலோரம் நின்றுகொண்டே இருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பார்க்காமலே தெரிந்தது. மங்கை.

நான் சொல்லவே இல்லை. அச்யுத் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறான், ஆண்ட்டி, நாளைக்கு எனக்கு என்று.

"இட்லி எடுத்தாந்தேன். துன்னுங்கக்கா, ரொம்ப நேரமாவும்" என்றாள். சாப்பிட்டோம். அன்றும் அவள் கொண்டுவந்த இட்லியைத்தான் சாப்பிட்டோம். அன்று இரண்டு பிள்ளைகள் உள்ளே.

மத்தியானம் தாண்டி சரத் வெளியே வந்தார். ஒரு இடத்தைச் சுட்டாயிற்று. இன்னொன்று சுவருக்குள் ஆழத்தில் இருக்கிறது, முழுக்க எட்டவில்லை. அதனால் தோளுக்குக் கீழே ஒரு மெஷின் வைத்திருக்கிறோம். மறுபடி அந்த ஓட்டம் ஆரம்பித்தால் அது கவனித்து, ஒரு ஷாக் கொடுத்து நிறுத்திவிடும். பையன் கண் திறந்துவிட்டான். தண்ணீர் கேட்கிறான்.

இவர் சரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான் மங்கை பக்கம் திரும்பினேன். அவள் அங்கே இல்லை. காரிடார் கோடியில், கை கழுவுகிற குழாயைத் திறந்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். தொடவில்லை. தொட எனக்கு என்ன தகுதி? குழாயை அவளே மூடினாள். "போங்கக்கா, மொதல்ல உங்களத்தான் தேடுவான்" என்றாள்.

11 பிப்ரவரி

தையல் பிரித்தாயிற்று. புதிய தழும்பு, குட்டையானது, இடது தோளுக்குக் கீழே. அச்யுத் ஸ்கேல் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். அளந்துவிட்டு, இரண்டையும் கூட்டினால் கோபியை விட ஜாஸ்தி என்றான். அதற்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டுவிட்டான். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

2 மார்ச், ஞாயிறு

மெட்டுகுடா போனேன். முதல் தடவை, அதற்கப்புறம். கனகத்திடம் சொல்லிவிட்டே போனேன். "அதுவும் எங்காத்து வாசப்படிதான், அதை நான் மிதிக்கறதுக்கு நீங்க ஏன் பயப்படறேள்" என்று. போனை வைத்துவிட்டாள்.

இளங்கோவன் வீட்டில்தான் இருந்தார், நைட் ஷிஃப்ட் முடிந்து. கோபியின் ஸ்கூல் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வேலை அது அவருக்கு, இத்தனை வருஷமும். மங்கை ஒன்றும் சொல்லாதே என்று எனக்குக் கண்ணைக் காட்டினாள். அவர் பளபளக்கிற அளவுக்குத் தேய்த்து, ஜன்னலடியில் ஜோடியாக வைத்துவிட்டு, "பையன் எப்படிம்மா கீறான்?" என்று கேட்டார்.

நன்றாக இருக்கிறான் என்று அந்த வீட்டில் உட்கார்ந்து எப்படிச் சொல்வது? சொன்னேன்.

18 ஜூலை, வெள்ளி

மெஷின் அடித்துவிட்டது.

ஸ்கூல் மாடிப்படியில். அவனும் என் ஸ்கூல்தான். பத்தாம் வகுப்பில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன், சத்தம் கேட்டு ஓடினேன். விழுந்திருக்கிறான். நான் போவதற்குள் எழுந்து படியில் உட்கார்ந்திருந்தான், முகம் சுண்ணாம்பு. "யாரோ முதுகுல ஓங்கி உதைச்ச மாதிரி இருந்துது. கீழ விழறதுக்கு முன்னாடி எல்லாம் கறுப்பாச்சு, அப்புறம் உதை" என்றான். சுற்றிலும் பையன்கள். எவனோ அவன் சாப்பாட்டுப் பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஆஸ்பத்திரியில் மெஷினிலிருந்து பதிவை எடுத்துப் பார்த்தார்கள். இந்தத் தடவை தானாக நின்றிருக்காது என்றார் சரத். மருந்தை மாற்றினார். விடுமுறையில் வால்வு ஒன்றும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்றார். சரி சரி என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தானாக நின்றிருக்காது. அந்த ஒன்று மட்டும்தான் காதில் இருக்கிறது.

இவருக்குப் போன் பண்ணுவதற்கு முன்னால் மங்கைக்குப் பண்ணினேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. விஷயத்தைச் சொன்னேன்.

"எழுந்துட்டானா?" என்றாள்.

"எழுந்துட்டான்."

"கோபியும் அப்படித்தான் வுழுந்தான்க்கா. அதே மாதிரிதான்" என்றாள். அப்புறம், "எழுந்துட்டான் இல்ல?" என்று மறுபடியும் கேட்டாள்.

"எழுந்துட்டான் மங்கை. தயிர் சாதம் சாப்பிட்டான்."

3 ஆகஸ்ட்

இவன் படியேறும்போதெல்லாம் எனக்கு இரண்டு ஜோடிக் காலடி கேட்கிறது. யாரிடம் சொல்வது இதை. இவரிடம் சொன்னால், நீ போய் ஒரு டாக்டரைப் பார் என்பார்.

9 அக்டோபர்

செக்கப். எல்லாம் சரி. அடுத்தது ஏப்ரல், தேதி வாங்கியாயிற்று, முழுப் பரீட்சையின் நடுவில் வருகிறது. வரட்டும்.

வெளியே பெஞ்சில் ஒரு சின்னப் பெண், மடியில் தைத்த நெஞ்சோடு குழந்தை. கரீம்நகர் பக்கமாம். அச்யுத்தின் சட்டை இடுக்கில் கோட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் தெலுங்கில் கேட்டாள். குழந்தை பால் குடிக்கும்போது இப்படி வியர்க்கிறதே, உங்கள் பையனுக்கும் அப்படி இருந்ததா அக்கா?

இருந்தது. நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவள் முகம், நான் ஆமாம் சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருக்கிற அந்த முகம், எனக்குத் தெரிந்த முகம்.

"என்னைக் கேக்காதம்மா" என்றேன். கொஞ்சம் கடுமையாகவே வந்துவிட்டது. அவள் முகம் சுருங்கிப்போனது. எழுந்து, அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், சரத்தின் கதவைத் தட்டினேன்.

16 நவம்பர் 2025, ஞாயிறு

தையல் நாள்.

காலையிலிருந்து யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அச்யுத் நீல பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு மாடிக்குப் போனான், தனியாக. இவர் பேப்பரை ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். நான் மங்கைக்குப் போன் பண்ணலாமா வேண்டாமா என்று கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பண்ணினால் என்ன சொல்வது? பண்ணாவிட்டால், போன வருஷம் எடுக்காத மாதிரிதானே அதுவும்?

குக்கரை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது அவளே பண்ணினாள். முதல் மணியிலேயே எடுத்தேன்.

"அச்யுத் எப்படிக் கீறான்க்கா?"

"நன்னா இருக்கான். மாத்திரை ஒழுங்கா சாப்பிடறான். படி ஏறினா முன்னாடி மாதிரி மூச்சு வாங்கலை." பதிமூன்று வருஷமாக இதே கேள்வி, இதே பதில், அதற்கப்புறம் இதே மூச்சில் வருகிற அடுத்த கேள்வி. என் வாய் என்னைக் கேட்காமலேயே அதையும் சொல்லிவிட்டது. "கோபி எப்படி இருக்கான்?"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. பெருமாளே. உட்கார்ந்துவிட்டேன், சமையலறைத் தரையில். அந்தப் பக்கம் ஒரு ரயில் போகிற சத்தம் மட்டும், குவார்ட்டர்ஸுக்குப் பின்னால்.

"மங்கை, வாய் தவறிடுத்து. நான் வேணும்னு..."

"கேளுங்கக்கா," என்றாள். "இப்பல்லாம் அவன யாருமே கேக்கறதில்ல."

பிறகு பேச ஆரம்பித்தாள். கோபிக்குக் கத்தரிக்காய் பிடிக்காதது, தட்டுக்கடியில் ஒளித்துவைத்தது, என் ஸ்கேலை ஒரு தடவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டு திருப்பிக் கொடுக்க வெட்கப்பட்டது. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். குக்கர் விசில் மேல் விசிலாக விட்டது. இவர் வந்து அணைத்துவிட்டுப் போனார்.

சாதம் குழைந்துவிட்டது. அதையே மூன்று பேரும் சாப்பிட்டோம்.